கம்ப்யூட்டரோடு புள்ளிக் கட்டம் ஆடும்போது ரெண்டு கட்டத்தை விட்டுக் கொடுங்கள்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் அக்கா, போன ஐப்பசியில் மகளைக் கூட்டிக்கொண்டு கடலூருக்கு வந்தாள், சனி ஞாயிறு இருந்துவிட்டுப் போகலாம் என்று. மழை பிடித்துக்கொண்டது. திங்கள்கிழமை ரெண்டு ஊரிலும் பள்ளிக்கூடம் லீவு, செவ்வாயும் லீவு, மஞ்சக்குப்பம் வீட்டு வாசலில் கணுக்கால் தண்ணீர். ஏழாவது படிக்கிற அக்கா மகள் என் பழைய மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு புள்ளிக் கட்டம் ஆட உட்கார்ந்தாள். வரிசையாகத் தோல்வி, அதுவும் ஒரே மாதிரித் தோல்வி. கடைசி வரைக்கும் இவள்தான் முன்னால் இருப்பாள், கடைசி நிமிஷத்தில் கம்ப்யூட்டர் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும்.

"மாமா, இது ஏமாத்துது" என்றாள்.

ஏமாற்றவில்லை. அவள் கிடைத்த கட்டத்தையெல்லாம் எடுத்தாள், அதனால் தோற்றாள். நீங்களும் அப்படித்தான் தோற்றுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நானும் பல வருஷம் அப்படித்தான் தோற்றேன். அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

விளையாட்டு உங்களுக்குத் தெரிந்ததுதான். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் புள்ளி வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை ஆளுக்கொரு கோடாகச் சேர்த்து, நாலாவது கோடு போட்டுக் கட்டத்தை மூடுகிறவர் உள்ளே தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொள்வாரே, அதுதான். கட்டம் மூடினால் இன்னொரு கோடு போட வேண்டும். குறுக்குக் கோடு கிடையாது, கிடைமட்டமும் செங்குத்தும் மட்டும். கோலம் போடுகிறவர்களுக்கு ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: நேர்ப்புள்ளி. எல்லாக் கட்டமும் தீர்ந்ததும் எண்ணிப் பார்த்து யாருக்கு அதிகமோ அவருக்கு ஜெயம். கம்ப்யூட்டரில் தேடும்போது 'டாட்ஸ் அண்ட் பாக்ஸஸ்' என்று தேடுங்கள், புள்ளி விளையாட்டு என்று தேடினால் கோலம்தான் வரும்.

இதை முதலில் அச்சில் எழுதி வைத்தவர் எதுவார் லூக்கா என்கிற பிரெஞ்சுக் கணித ஆசிரியர், 1889-இல். மூன்று கம்பத்தில் வட்டுகளை மாற்றி அடுக்கும் ஹனோய் கோபுரப் புதிரும் இவருடையதுதான். பாரிஸில் எக்கோல் பாலிடெக்னிக் மாணவர்கள் ஆடிய விளையாட்டு என்று சொல்லி 'பிப்போபிப்பெத்' என்று வேடிக்கையாக ஒரு பெயரில் எழுதினார். அந்த வருஷம் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது, ஆனால் இந்த விளையாட்டு அந்த வழியாகத்தான் நம் ரஃப் நோட்டுக்கு வந்தது என்று நான் கதை கட்டப்போவதில்லை.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். லினக்ஸ் போட்டிருந்தால் கேடிஇ என்கிற இலவச மென்பொருள் குழுவின் விளையாட்டுத் தொகுப்பில் 'கேஸ்குவேர்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, மென்பொருள் மையத்தில் தேடி நிறுவிக்கொள்ளலாம், காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது. அக்கா மகள் ஆடியது அதில்தான். விண்டோஸ், போன் என்று எதுவாக இருந்தாலும் பிரவுசரிலேயே ஆடக்கூடியவை நிறைய இருக்கின்றன, எதை எடுத்தாலும் பெரும்பாலும் நாலு விஷயத்தைத்தான் அமைக்கச் சொல்லும்: எத்தனை பேர், அதில் யார் மனுஷர் யார் கம்ப்யூட்டர், பலகை எவ்வளவு பெரியது, கம்ப்யூட்டர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஆட வேண்டும். ரெண்டு பேர் என்று வையுங்கள். மூன்று நாலு பேர் ஆட்டம் கலகலப்பாக இருக்கும், ஆனால் நான் இங்கே சொல்லும் கணக்கு எதுவும் அதில் எடுபடாது.

பலகை அளவில் ஒரு குழப்பம் வரும். சில இடத்தில் 4 என்றால் நாலு புள்ளி, சில இடத்தில் 4 என்றால் நாலு கட்டம். நாலு புள்ளிக்கு மூன்று கட்டம்தான் வரும். நான் எழுதுவதெல்லாம் கட்டக் கணக்கு. முதலில் 3-க்கு 3 கட்டம், அதாவது நாலு புள்ளி நாலு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 24 கோடு, ரெண்டு நிமிஷத்தில் ஒரு ஆட்டம் முடிந்துவிடும், தோற்றாலும் எங்கே தோற்றோம் என்று கண்ணுக்குத் தெரியும். கேஸ்குவேர்ஸில் 'குவிக் ஸ்டார்ட்' என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். அது ஒரு பகுதிக் கோடுகளைத் தானே போட்டுக் கொடுத்துவிடும், கற்றுக்கொள்ளும்போது அது வேண்டாம், முதல் கோட்டிலிருந்தே நாம் போட்டுப் பழக வேண்டும்.

கோடு போட ரெண்டு புள்ளிக்கும் நடுவே அம்பைக் கொண்டுபோய் ஒரு கிளிக், அவ்வளவுதான். போனில் ஆடுகிறவர்கள் மட்டும் கவனம். விரல் கொஞ்சம் தள்ளிப் பட்டால் பக்கத்துக் கோடு விழுந்துவிடும், பெரிய பலகையில் இதனால் நான் ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டிருக்கிறேன். போனைப் படுக்கை வாட்டில் திருப்பிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் சின்னப் பலகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி ஆட்டம். முதல் பாதியில் ஒரே சட்டம்தான், எந்தக் கட்டத்துக்கும் மூன்றாவது கோட்டை நீங்கள் போடாதீர்கள். மூன்றாவது கோடு போட்டால் நாலாவதைக் கம்ப்யூட்டர் போட்டுக் கட்டத்தை எடுத்துக்கொள்ளும். பலகையின் வெளி ஓரத்தில் இல்லாத எந்தக் கோடும் ரெண்டு கட்டத்துக்குப் பொதுவானது என்பதை மறந்துவிடுகிறோம், மேல் கட்டத்தைப் பார்த்துக் கோடு போடுவோம், கீழ்க் கட்டத்துக்கு அதுதான் மூன்றாவது கோடாக இருக்கும். கிளிக் பண்ணுவதற்கு முன்னால் கோட்டின் ரெண்டு பக்கமும் பாருங்கள். இதற்கு மேல் இந்த முதல் பாதிக்கு அக்கா மகளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, அவளுக்கே இது தெரியும், எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும்.

சிக்கல் அதற்கப்புறம். பத்துப் பதிமூன்று கோடு விழுந்தபிறகு ஒரு நிலை வரும், எங்கே போட்டாலும் மூன்றாவது கோடாகத்தான் விழும். அந்த நேரத்தில் பலகையை நன்றாகப் பாருங்கள். கட்டங்கள் தனித்தனியாக இருக்காது, ஒன்றோடொன்று வாசல் திறந்து வரிசையாகக் கோத்துக்கொண்டு நிற்கும். ஒரு கட்டத்தை மூடினால் அந்தக் கோடே அடுத்த கட்டத்துக்கு மூன்றாவதாகி அதையும் மூட வழி செய்யும், அப்படியே கடைசி வரைக்கும் போகும். ஆங்கிலத்தில் இதைச் சங்கிலி என்கிற பொருளில் 'செயின்' என்பார்கள். அக்கா மகள் பார்த்த உடனே "ரயில் மாதிரி இருக்கு" என்றாள், அதனால் எங்கள் வீட்டில் அது ரயில் ஆகிவிட்டது. மூன்று பெட்டியும் அதற்கு மேலும் இருந்தால் நீள ரயில். ஒன்று ரெண்டு பெட்டி குட்டி ரயில். இந்த வித்தியாசம் சும்மா பெயருக்கு இல்லை, கீழே எல்லாக் கணக்கும் இதில்தான் நிற்கிறது.

அவள் தோற்ற ஒரு ஆட்டத்தை அப்படியே காட்டுகிறேன், ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், வெறுமனே படித்தால் புரியாது. நாலு புள்ளி நாலு வரிசை. மேல் வரிசையின் மூன்று கட்டங்களும், வலது ஓரத்தில் அதற்குக் கீழே இருக்கும் ரெண்டு கட்டங்களும் சேர்ந்து, தலைகீழாகப் பிடித்த கைத்தடி மாதிரி ஐந்து பெட்டி ரயில். அதன் ஒரு வாசல் மேல் வரிசையின் இடது ஓரத்தில், இன்னொன்று வலது கீழ் மூலையின் அடியில். மீதி இருக்கும் இடது கீழ் நாலு கட்டமும் இன்னொரு ரயில்: நடு வரிசை இடது கட்டத்தில் நுழைந்து, வலப்பக்கம் போய், கீழே இறங்கி, திரும்பி இடது ஓரத்திலேயே வெளியே வரும். ரெண்டு ரயிலுக்கும் நடுவில் சுவர். நாலு பெட்டி ரயிலின் மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் நடுவே இடது பக்கத்தில் ஒரு சுவர். எண்ணினால் 13 கோடு விழுந்திருக்கும், ஒரு கட்டமும் மூடியிருக்காது. முதல் கோடு அவள் போட்டது, அப்படியென்றால் 14-வது கம்ப்யூட்டருடையது, அதற்கு வேறு வழியில்லை, ஏதோ ஒரு ரயிலைத் திறந்தே ஆக வேண்டும். சின்னதைத் திறந்தது, நடு வரிசை இடது ஓரத்தில் ஒரு கோடு.

அவள் என்ன செய்தாள்? டக் டக் டக் டக் என்று நாலையும் எடுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு. நாலாவதை மூடியதும் இன்னொரு கோடு போட வேண்டுமே, பலகையில் ஐந்து பெட்டி ரயில் மட்டும்தான் பாக்கி. போட்டாள். கம்ப்யூட்டர் ஐந்தையும் எடுத்துக்கொண்டது. 4-க்கு 5.

இப்போது அதே இடத்துக்குத் திரும்பிப் போவோம். கம்ப்யூட்டர் நாலு பெட்டி ரயிலைத் திறந்திருக்கிறது. முதல் கட்டத்தை எடுங்கள், ரெண்டாவதையும் எடுங்கள். நிறுத்துங்கள். கீழ் வரிசையில் ரெண்டு கட்டம் பாக்கி, வலது பக்கத்துக் கட்டத்துக்கு மூன்று கோடு விழுந்துவிட்டது, கை பரபரக்கும். அதைத் தொடாமல், ரயிலின் கடைசி வாசலை, அதாவது கீழ் வரிசை இடது ஓரக் கோட்டைப் போடுங்கள். எந்தக் கட்டமும் மூடவில்லை, ஆட்டம் கம்ப்யூட்டரிடம் போகிறது. அந்த ரெண்டு கட்டத்துக்கும் நடுவில் ஒரே ஒரு கோடு பாக்கி, அதைப் போட்டால் ஒரே கோட்டில் ரெண்டும் மூடும். கம்ப்யூட்டர் போடும், ரெண்டு கட்டம் அதற்கு. சரி, கட்டம் மூடினால் இன்னொரு கோடு போட வேண்டும், அதுதானே சட்டம்? பலகையில் ஐந்து பெட்டி ரயில் மட்டும்தான் பாக்கி. அது திறக்கும், ஐந்தும் உங்களுக்கு. 7-க்கு 2.

பலகையும் கோடுகளும் அதேதான், ரெண்டு கட்டத்தை விட்டதில் 4-5 என்பது 7-2 ஆகிவிட்டது. கட்டம் கிடைத்தால் எடுத்தே ஆக வேண்டும் என்று இந்த விளையாட்டில் எந்தச் சட்டமும் இல்லை, நாமேதான் அப்படி வைத்துக்கொண்டோம்.

இதை எழுதும்போது எனக்கு 'தானே' புயல் ஞாபகம் வருகிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது, இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, முந்திரித் தோப்பும் பலா மரமும் சாய்ந்து கிடந்தன, எத்தனையோ நாள் கரண்ட் இல்லை. வருஷம் முடிகிற நேரம், கிழித்துப் போட்ட தினக் காலண்டர் தாள்களை அம்மா அடுக்கி வைத்திருந்தார், அதன் பின்பக்கத்தில் அக்காவும் நானும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இந்த விளையாட்டைத்தான் ஆடினோம். அவள்தான் ஜெயிப்பாள். நடுவில் அவ்வப்போது எனக்கு ரெண்டு கட்டத்தை விட்டுவிடுவாள், தம்பி பாவம் என்று விடுகிறாள் என்று நம்பினேன். போன ஐப்பசியில்தான் அவளையே கேட்டேன். "பாவமா? உன்னை மாட்ட வச்சேன்டா" என்றாள்.

இனி கொஞ்சம் நுணுக்கம். இந்த ரெண்டு விடுகிற வேலை ஒவ்வொரு நீள ரயிலிலும் செய்ய வேண்டும், கடைசி ரயிலில் மட்டும் செய்யக்கூடாது. கடைசியை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் யாரை மாட்டிவிடப் போகிறீர்கள்? ஆரம்பத்தில் இதைச் செய்கிறவர்கள் உற்சாகத்தில் கடைசியிலும் ரெண்டை விட்டுவிடுவார்கள், அக்கா மகள் மூன்று தடவை விட்டாள்.

விடுவதற்கு விலை உண்டு என்பதையும் பாருங்கள். மூன்று பெட்டி ரயிலில் ரெண்டை விட்டால் உங்களுக்கு ஒன்று, அதற்கு ரெண்டு. 3-க்கு 3 பலகையில் மூன்று மூன்றாக மூன்று ரயில் நின்றால் ஒன்று, ஒன்று, மூன்று என்று உங்களுக்கு ஐந்து, அதற்கு நாலு, மயிரிழையில் ஜெயம். ரயில் நீளமாக நீளமாக லாபம் கூடும், குட்டையாக இருந்தால் கையைக் கடிக்கும். அதனால் கடைசி ரயில் எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பார்த்துவிட்டு விடுங்கள்.

அப்புறம் வளையம். ரயில் தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு சுற்றி நின்றால், உதாரணமாக நாலு கட்டம் சதுரமாக, வெளிச்சுவர் முழுக்க அடைத்து, உள்ளே கூட்டல் குறி மாதிரி நாலு கோடு மட்டும் பாக்கி என்றால், அங்கே ரெண்டை விட்டால் போதாது, நாலை விட வேண்டும். கம்ப்யூட்டர் கூட்டல் குறியின் மேல் காலைப் போட்டால் நீங்கள் கீழ்க் காலைப் போடுங்கள், மீதி ரெண்டு கோட்டில் அது ரெண்டு ரெண்டாக நாலையும் எடுத்துக்கொண்டு மறுபடி மாட்டிக்கொள்ளும். ஆறு கட்ட வளையம் என்றால் ரெண்டை எடுத்துக்கொண்டு நாலை விடுவது. நாலு என்பது பெரிய விலை, பாக்கி இருக்கும் ரயில் பெரிதாக இல்லாவிட்டால் வளையத்தையே விழுங்கிவிடலாம்.

குட்டி ரயிலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கம்ப்யூட்டரிடம் தோற்கிறவர்களில் நிறையப் பேர் இங்கே கோட்டை விடுகிறார்கள். ரெண்டு பெட்டி ரயிலைத் திறக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு வந்தால், ஓரக் கோட்டைப் போடாதீர்கள். ஓரத்தில் போட்டால் கம்ப்யூட்டர் எதிர்ப்பக்க ஓரத்தை அடைத்து ரெண்டையும் உங்களிடமே திருப்பித் தள்ளிவிடும், நீங்கள் ரெண்டை எடுத்துக்கொண்டு அடுத்த பெரிய ரயிலைத் திறக்க வேண்டிவரும். நடுக் கோட்டைப் போடுங்கள். ரெண்டும் தனித்தனிக் கட்டமாகிவிடும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு பாக்கி, அதற்கு எடுப்பதைத் தவிர வேறு நல்ல வழியில்லை, எடுத்தபின் அடுத்த கோடும் அதுதான் போட வேண்டும். அது உங்களுக்கு ரெண்டு பெட்டியின் ஓரத்தைத் திறந்து கொடுத்தால், மேலே சொன்ன மாதிரி திருப்பித் தள்ளலாமா என்று யோசியுங்கள். மூன்று பெட்டியில் இப்படி நடுவில் வெட்டித் தப்பிக்க முடியாது, அதனால்தான் மூன்றிலிருந்து நீளம் என்று கணக்கு.

ஆக மொத்தம், முதல் நீள ரயிலை யார் திறக்க வேண்டி வருகிறதோ அவர் கதை முடிந்தது. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? இருக்கிறது. அமெரிக்காவில் பெர்க்லியில் இருந்த எல்வின் பெர்லகாம்ப் என்கிற கணித மேதை இந்தச் சின்னப் பிள்ளை விளையாட்டை உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார், அவர் சொன்ன கணக்கு இதுதான்: பலகையில் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையோடு நீள ரயில்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இரட்டைப் படை வந்தால் ஆட்டத்தைத் தொடங்கியவருக்குச் சாதகம், ஒற்றைப் படை வந்தால் ரெண்டாவதாக ஆடியவருக்குச் சாதகம். வளையத்தை எண்ண வேண்டாம், குட்டி ரயிலையும் எண்ண வேண்டாம்.

மேலே பார்த்த ஆட்டத்தில் 16 புள்ளி, ரெண்டு நீள ரயில், 18, இரட்டை. தொடங்கியவள் அக்கா மகள், சாதகம் அவளுக்கு, ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரியவில்லை. 3-க்கு 3 பலகையில் நீங்கள் முதலில் ஆடினால் நீள ரயில் ரெண்டு வருகிற மாதிரி பாருங்கள், ரெண்டாவதாக ஆடினால் ஒன்றோ மூன்றோ வேண்டும். 4-க்கு 4 கட்டத்தில் 25 புள்ளி, அங்கே தலைகீழ்: முதலில் ஆடினால் ஒற்றைப் படை ரயில், ரெண்டாவதாக ஆடினால் இரட்டை. 5-க்கு 5-இல் 36 புள்ளி, மறுபடி 3-க்கு 3 மாதிரியே. இதை ஒரு துண்டுத் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள், நான் ஒட்டியிருக்கிறேன்.

ரயில் எண்ணிக்கையை எப்படி மாற்றுவது என்றால், பாதுகாப்பான கோடுகள் இன்னும் ஏழெட்டு பாக்கி இருக்கும்போதே யோசிக்க ஆரம்பிக்க வேண்டும், எல்லாம் தீர்ந்தபின் யோசித்துப் பிரயோஜனமில்லை. ரெண்டு ரயில் சேரப்போகிற இடத்தில் நடுவே சுவர் வைத்தால் ரெண்டாகவே நிற்கும், சுவரை வேறு பக்கம் வைத்தால் ஒன்றாகிவிடும். வேறு வழியே இல்லை என்றால், உருவாகிக்கொண்டிருக்கும் ரயிலின் நடுவில் கோடு போட்டு ஒன்று ரெண்டு கட்டத்தைப் பலி கொடுத்து, நீள ரயிலைக் குட்டியாக்கிவிடலாம். ஒரு கட்டம் போனால் போகட்டும், பின்னால் ஆறு ஏழு வரும். கம்ப்யூட்டரும் இதையேதான் உங்களுக்கு எதிராகச் செய்துகொண்டிருக்கும், கடினம் என்று வைத்திருந்தால்.

உங்கள் கம்ப்யூட்டர் எந்த ரகம் என்று ஒரு ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். இன்னொரு நீள ரயில் பாக்கி இருக்கும்போது, வேண்டுமென்றே ஒரு நாலு பெட்டி ரயிலை அதற்குத் திறந்து கொடுங்கள். நாலையும் முழுங்கினால் அது பேராசை பிடித்தது. சுலபம், நடுத்தரம் என்று இருப்பவை பெரும்பாலும் இப்படித்தான், கிடைத்ததை எடுக்கும், பின்னால் என்ன என்று பார்க்காது. இந்த ரகத்திடம் ஒற்றை இரட்டைக் கணக்கே தேவையில்லை. சின்ன ரயிலை நீங்களே முதலில் திறந்து கொடுங்கள், அது தின்றுவிட்டுப் பெரிய ரயிலை உங்களுக்குத் திறக்கும், அங்கே ரெண்டை விட்டுவிட்டு அடுத்ததையும் திறக்க வையுங்கள். பிடிபட்டபிறகு இந்த ரகத்தோடு ஆடுவது போரடிக்கும்.

ரெண்டை எடுத்துக்கொண்டு ரெண்டை உங்களிடம் தள்ளினால் அதற்கு விஷயம் தெரியும். அதனிடம் கடைசி நேரத்தில் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் பாக்கிக் கோடுகள் குறைந்தபின் அது இதைப் போட்டால் அது, அதைப் போட்டால் இது என்று கடைசிக் கோடு வரைக்கும் போட்டுப் பார்த்துவிடும். 3-க்கு 3 பலகையில் 24 கோடு, போட்டது போடாதது என்று பார்த்தால் 1,67,77,216 நிலைதான், இன்றைக்கு ஒரு மடிக்கணினிக்கு அது ஒன்றுமே இல்லை. 5-க்கு 5-இல் 60 கோடு, அங்கே நிலைகள் பதினோராயிரம் கோடி கோடிக்கு மேல் போகிறது, ஆரம்பத்திலேயே அத்தனையையும் எந்த வீட்டுக் கம்ப்யூட்டரும் பார்க்க முடியாது. 4-க்கு 5 கட்டப் பலகையையே 2012-இல்தான் ஜோசப் பார்க்கர், ரிச்சர்ட் கோர்ஃப் என்கிற ரெண்டு பேர் முழுசாகத் தீர்த்தார்கள், ரெண்டு பக்கமும் தப்பில்லாமல் ஆடினால் அது சமன். ஆகவே கெட்டிக்காரக் கம்ப்யூட்டரோடு ஆடினால் 5-க்கு 5 வைத்து, அதற்கும் இருட்டாக இருக்கும் நடு ஆட்டத்திலேயே ரயில் எண்ணிக்கையை உங்கள் பக்கம் திருப்பிவிடுங்கள்.

திரும்பப் பெறும் பொத்தான் இருக்கிற விளையாட்டாக இருந்தால் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். தோற்றபின் பின்னால் போய், முதல் நீள ரயில் எங்கே திறந்தது, அதற்கு முன்னால் எந்தக் கோட்டை மாற்றியிருந்தால் ஒரு ரயில் கூடியிருக்கும் என்று போட்டுப் பாருங்கள். பத்து ஆட்டம் சும்மா ஆடுவதைவிட ஒரு ஆட்டத்தை இப்படிக் கிண்டிப் பார்த்தால் சீக்கிரம் பிடிபடும். பொத்தான் இல்லாவிட்டால் திரையை ஒரு போட்டோ பிடித்துவைத்துத் தாளில் போட்டுக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா மகள் நடுத்தரத்தில் வைத்து முதல் தடவையாக 7-2 என்று ஜெயித்தாள். ரெண்டு கட்டத்தை விடும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிளிக் பண்ணினாள். அப்புறம் கடினத்தில் வைத்தாள், ரெண்டை விட்டது கம்ப்யூட்டர். "மாமா, இதுக்கும் தெரியுது" என்று மடிக்கணினியை என் பக்கம் தள்ளிவிட்டாள். 5-க்கு 5, கடினம், இதுவரை பதினாலு ஆட்டம் எழுதி வைத்திருக்கிறேன். அதில் நாலு என்னுடையது. அக்காவை ஆடச் சொன்னால், மவுஸில் ஆட வராது, காலண்டர் தாள் இருந்தால் கொண்டு வா என்கிறாள்.